‘ஸ்கீ’ என்ற குட்டி நார்வேச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியில் சறுக்கிப் போகக் காலில் கட்டிக்கொள்ளும் நீளப் பலகைக்கு உலகம் முழுக்க ஸ்கீ என்று பெயர். எழுத்து மூன்றே மூன்று: எஸ், கே, ஐ. சொல் நார்வேயிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது, என்னவாக இருந்தது என்று பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

ஸ்கீயா, ஷீயா? டிவியில ஒரு மாதிரி, நார்வேக்காரங்க ஒரு மாதிரி சொல்றாங்களே?

நார்வேயில் அது ‘ஷீ’. நார்வேஜிய மொழியில் எஸ்-கே சேர்ந்து வந்து அடுத்து இ, ஈ போல வாயின் முன்பகுதியில் பிறக்கும் உயிர் வந்தால் இரண்டும் சேர்ந்து ‘ஷ’ ஆகிவிடும். இது இந்த ஒரு சொல்லுக்கான சலுகை இல்லை, பொது விதி. கரண்டிக்கான சொல்லையும் எஸ்-கே போட்டுத்தான் எழுதுவார்கள், வாயில் வருவது ‘ஷே’.

ஆங்கிலேயர்கள் எழுத்தைப் பார்த்துப் படித்தார்கள், ஸ்கீ ஆனது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனில் ‘ஷீ’ என்று உச்சரித்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் எழுத்துதான் ஜெயித்தது. தமிழுக்கு ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கும் ஸ்கீ.

நார்வே மொழியில அதுக்கு ‘சறுக்கு’ன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ஸ்கீ என்றால் பிளந்த மரத்துண்டு. நம் ஊரில் மூங்கிலையோ பனையையோ நீளவாக்கில் பிளந்து எடுப்பதைப் பிளாச்சு என்கிறோமே, ஏறக்குறைய அதே பொருள். ‘பிள’விலிருந்து பிளாச்சு பிறந்தது போலத்தான், பிளத்தலைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்து அந்தச் சொல்லும் பிறந்தது.

அதாவது அந்தப் பலகை என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது. எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்த்து வைத்த பெயர். சறுக்குதலுக்குப் பழைய நோர்ஸ் மொழியில், அதாவது இன்றைய நார்வே, ஐஸ்லாந்து மொழிகளின் தாய்மொழியில், தனியாக ‘ஸ்க்ரீத’ என்றொரு வினைச்சொல் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய புரோகோப்பியஸ், வடகோடியில் வாழ்ந்த ஒரு மக்களை ‘ஸ்கிரித்திஃபினோய்’ என்று குறிப்பிடுகிறார். சறுக்கிச் செல்லும் ஃபின் இனத்தவர் என்று பொருள். அந்தப் பெயரின் முன்பாதி இந்த ‘ஸ்க்ரீத’தான், ஸ்கீ அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

பழைய வடிவம் என்ன? இப்ப இருக்கிறதே பழசுதானா?

பழைய நோர்ஸில் அது ‘ஸ்கீத்’. கடைசி ‘த்’தை, ‘அது’ என்று சொல்லும்போது நாக்கு பல்லில் பட்டும் படாமலும் நழுவுகிறதே, அப்படி மென்மையாகச் சொல்ல வேண்டும். ‘பத்து’வில் வரும் த் இல்லை.

நார்வேயில் உயிருக்குப் பின்னால் வந்த அந்த நழுவும் த் காலப்போக்கில் உதிர்ந்தது. காலத்தைக் குறிக்கும் ‘தீத்’ இன்று அங்கே ‘தீ’. எழுத்தில் டி இருக்கிறது, வாயில் இல்லை. ஸ்கீக்கு எழுத்திலும் மிஞ்சவில்லை. முதலில் இருந்த ‘ஸ்க்’ ‘ஷ்’ ஆக, கடைசி த் போக, நடுவில் இருந்த நெடில் ஈ மட்டும் அசையாமல் நின்றது. ஐஸ்லாந்தில் த் இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘ஸ்கீதி’. ஸ்வீடனில் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டு சொல் நீண்டது, ஒருமை ‘ஷீடா’, பன்மை ‘ஷீடூர்’ என்பது போலக் கேட்கும்.

பிளந்த மரம்னு சொல்றீங்க. ஆதாரம் இருக்கா, இல்ல அகராதிக்காரங்க யூகமா?

ஆதாரம் நார்வேயின் வயல்வெளியிலேயே நிற்கிறது. அங்கே ‘ஷீகார்’ என்று ஒரு வேலி உண்டு. சொல்லைப் பிரித்தால் ஸ்கீ + வேலி. பனிக்கும் அந்த வேலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்ப்ரூஸ் அல்லது பைன் மரத்தை நீளவாக்கில் பிளந்து, ஜோடி ஜோடியாக நட்ட முளைகளுக்கு இடையே சாய்வாக அடுக்கி, நெருப்பில் வாட்டி முறுக்கிய ஸ்ப்ரூஸ் கிளையால் கட்டுவார்கள். பிளந்த கட்டைகளால் ஆன வேலி, அதனால் ஸ்கீ வேலி. பழைய நோர்ஸிலேயே இந்தக் கூட்டுச்சொல் ‘ஸ்கீத்கர்த்ர்’ என்று இருந்தது. ஸ்கீத் என்ற சொல்லே அந்தக் காலத்தில் விறகுக்கும் வழங்கியது.

நார்வேஜியத்தின் சகோதர மொழிகளும் அதையேதான் சொல்கின்றன. ஜெர்மனில் ‘ஷைட்’ என்றால் பிளந்த விறகு. பழைய ஆங்கிலத்தில் ‘ஷீத்’ போல ஒலித்த சொல் பிற்காலத்தில் ‘ஷைட்’ ஆகி, இன்று அகராதி மூலையில் கிடக்கிறது; அதற்கும் பிளந்த மரத்துண்டு என்றே பொருள். இந்த மொழிகளில் எங்கும் பழைய பொருள் சறுக்குப் பலகை இல்லை. விறகு என்ற பொதுப்பொருள் எல்லோரிடமும் இருக்கிறது, பலகை என்ற சிறப்புப்பொருள் வடக்கே பனிநாட்டில் மட்டும் இருக்கிறது என்றால் எது முந்தியது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இடையில் ஒன்று. ஜெர்மனில் ‘ஷைடர்ன்’ என்றால் தோற்றுப்போதல். பாறையில் மோதிய கப்பல் விறகுத் துண்டுகளாகச் சிதறுவதிலிருந்து வந்த சொல். ஸ்கீயும் தோல்வியும் ஒரே விறகுக்கட்டில் இருந்து வந்தவை என்பதை ஸ்கீ கற்றுக்கொள்ளும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஏன் பிளக்கணும்? அறுத்து எடுத்தா பலகை வராதா?

வரும், உடையும். மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்தால் பிளவு நார் ஓடும் வழியிலேயே ஓடும். நுனி முதல் அடி வரை நார்கள் அறுபடாமல் கிடைக்கும். ரம்பம் நாரைப் பற்றிக் கவலைப்படாமல் நேர்கோட்டில் போகும். நார் சற்றே சாய்ந்திருந்தால் அங்கங்கே வெட்டுப்பட்டு நிற்கும். ஆள் உயரத்துக்கும் அதிகமான ஒரு மெல்லிய பலகை, ஆளின் எடையைத் தாங்கி மேடுபள்ளத்தில் வளைந்து நிமிர வேண்டும். நார் அறுபட்ட இடத்தில்தான் அது முதலில் விரியும். முன்நுனியை ஈரத்திலும் சூட்டிலும் மேல்நோக்கி வளைப்பார்கள். அறுத்த மரமாக இருந்தால் பெரும்பாலும் அந்த வளைவிலேயே செதில் கிளம்பிவிடும். அதனால் பிளப்பதுதான் இந்த வேலையின் முதல் படி. அதன் பிறகுதான் கோடரி, இழைப்புக் கத்தி எல்லாம். பெயரும் முதல் படியிலிருந்தே வந்திருக்கிறது.

எவ்வளவு பழசு? சொல்லைக் கேக்கல, பொருளைக் கேக்கறேன்.

பொருள், சொல்லைவிட மிகப் பழையது. ஸ்வீடனின் கால்வ்த்ரெஸ்க் என்ற ஊர்ப்பக்கம் 1924இல் சதுப்பிலிருந்து கிடைத்த ஸ்கீ சுமார் 5200 ஆண்டு பழையது. அந்தக் காலத்தில் நார்வேஜியம் மட்டுமல்ல, அதற்கும் ஆங்கிலம், ஜெர்மன் ஆகியவற்றுக்கும் பாட்டியான ஜெர்மானிய மூலமொழிகூடப் பிறந்திருக்கவில்லை. அதைச் செய்தவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்களோ, அந்தப் பெயர் ஸ்கீ அல்ல.

சொல்லும் பொருளும் ஒன்றையொன்று நெருங்கும் காலத்துக்கும் ஓர் அருமையான சான்று உண்டு. நார்வேயின் ரைன்ஹெய்மென் தேசியப் பூங்காவில், திகெர்வார்தென் என்ற இடத்துப் பனித்திட்டு உருகியபோது 2014இல் ஒரு ஸ்கீ வெளிப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் அந்தத் திட்டைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். 2021இல் அதன் ஜோடியும் சில மீட்டர் தள்ளிக் கிடைத்தது! இரண்டுக்கும் வயது சுமார் 1300 ஆண்டு. இரண்டாவது 187 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், முதலாவது சற்றுச் சிறியது. கால் வைக்கும் இடம் மேடாக விடப்பட்டு, முறுக்கிய பிர்ச் கிளையாலும் தோல் வாராலும் கட்டு போடப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட ஒன்றைத்தான் நோர்ஸ் பேசியவர்கள் ஸ்கீத் என்றார்கள்.

நோர்ஸ் மொழியில ஸ்கீக்கு வேற பேரே கிடையாதா?

உண்டு: ‘ஓந்துர்’. குட்டையான ஸ்கீயைக் குறிக்க வழங்கியது. நார்வேயின் சில பள்ளத்தாக்குகளில் ஒரு காலுக்கு நீளமானது, இன்னொரு காலுக்குக் குட்டையானது என்று சமமில்லாத ஜோடி இருந்தது. நீளமானதில் நின்று சறுக்குவார்கள். குட்டையானதன் அடியில் விலங்குத் தோலை ஒட்டி, அதை உதைத்துத் தள்ளுவார்கள். அந்தக் குட்டை ஸ்கீயின் பெயர் ‘ஆன்தூர்’ என்ற வடிவில் பிற்காலம் வரை நின்றது. நோர்ஸ் புராணத்தில் மலையில் வாழும் ஸ்காதி என்ற பெண் தெய்வத்துக்கும் ‘ஓந்துர்’ தெய்வம் என்றே பட்டம். சமமில்லாத ஜோடி வழக்கொழிந்ததும் ஓந்துரும் போனது, ஸ்கீ நின்றது.

ஃபின்லாந்துக்காரங்ககிட்ட இருந்தோ, வடகோடியில வாழற சாமிங்கிற பழங்குடி மக்கள்கிட்ட இருந்தோ கடன் வாங்கின சொல்லா இருக்கலாமே? அவங்கதானே ஸ்கீயில கில்லாடிங்க?

கில்லாடிகள் என்பது சரி. 1888இல் கிரீன்லாந்தை ஸ்கீயில் கடந்த நார்வே ஆய்வுப்பயணி நான்சென் குழுவில் ஆறு பேரில் இருவர் சாமி இனத்தவர்தான். ஆனால் சொல் அவர்களுடையது இல்லை. ஃபின்னிஷில் ஸ்கீக்கு ‘சுக்ஸி’. வட சாமி மொழியில் ‘சபெத்’. இவை யூராலிக் என்ற வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒலியிலும் ஸ்கீயோடு ஒட்டவில்லை. மேலே பார்த்த ஜெர்மன், ஆங்கில உறவுகளை வைத்தால் ஸ்கீ சுத்தமான ஜெர்மானியச் சொல் என்பது தெளிவு. தொழில்நுட்பம் ஓரிடத்திலிருந்து வரலாம், பெயர் உள்ளூர் விறகுக்கொட்டகையிலிருந்து வரலாம்.

ஆங்கிலத்துக்கு எப்பப் போச்சு?

ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒருமுறை தலைகாட்டியது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை ‘ஸ்னோஷூ’, அதாவது பனிச்செருப்பு, என்றே சொல்லிவந்தார்கள். நார்வேயின் தெலெமார்க்கில் பிறந்து அமெரிக்கா போன யோன் ருயே என்பவர், 1856 முதல் 20 ஆண்டு காலம் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையைக் குளிர்காலத்தில் ஸ்கீயில் கடந்து தபால் சுமந்தார். அவருக்கு அங்கே கிடைத்த பெயர் ‘ஸ்னோஷூ தாம்ப்சன்’. காலில் இருந்தது ஸ்கீ, பெயரில் இருந்தது பனிச்செருப்பு. சொல் இன்னும் வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

திருப்பம், நான்சென் தன் கிரீன்லாந்துப் பயணத்தைப் பற்றி 1890இல் வெளியிட்ட நூல். நார்வேஜியத் தலைப்பிலேயே ஸ்கீ இருந்தது. மறு ஆண்டு வந்த ஜெர்மன் பதிப்பின் தலைப்பிலோ இன்னும் ‘ஷ்னேஷூ’, அதே பனிச்செருப்பு. அந்த நூலைப் படித்துவிட்டு ஐரோப்பாவில் பலர் ஸ்கீ வாங்கக் கிளம்பினார்கள். பொருளோடு பெயரும் போனது.

மத்த மொழிகள்ல?

காதால் வாங்கியவர்கள், கண்ணால் வாங்கியவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கலாம். இத்தாலியரும் ஹங்கேரியரும் ‘ஷீ’ என்கிறார்கள், எழுத்தையும் தங்கள் மொழிக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ஜெர்மனியர் இரண்டு விதமாக எழுதினாலும் உச்சரிப்பது ஷீதான். பிரெஞ்சில் ஸ்கீ, ஸ்பானியத்தில் எஸ்கி. பக்கத்து வீட்டு டேனிஷ்காரர்களும் ஸ்கீ என்பது வேடிக்கை. ரஷ்யர்களும் போலந்துக்காரர்களும் வாங்கவே இல்லை. சொந்தச் சொல் வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்லோ பக்கத்துல ‘ஸ்கீ’ன்னே ஒரு ஊர் இருக்கே, அங்கிருந்துதான் விளையாட்டு வந்துச்சா?

இல்லை. அந்த ஊர் பழைய நோர்ஸில் ‘ஸ்கெய்த்’, பந்தயத் தடம் என்று பொருள். குதிரை ஓடிய தடம், ஸ்கீ ஓடியதல்ல. அந்தப் பெயரில் ஒரு பண்ணை இருந்தது, அங்கே தேவாலயம் எழுந்ததால் வட்டாரத்துக்கே அந்தப் பெயர் வந்தது. இரண்டு சொற்களும் தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒரே எழுத்தில் வந்து முட்டிக்கொண்டன. ஈ-யும் எய்-யும் வேறு என்பதால் பழைய வடிவத்தைப் பார்த்தவுடனே பிரித்துவிடலாம். இன்றைய வடிவத்தை மட்டும் வைத்து வேர் தேடினால் இப்படித்தான் குதிரை லாயத்தில் போய் நிற்போம்.

முதல் பதிலில் கரண்டி ‘ஷே’ன்னு சொன்னீங்க. அதுவும் சொந்தமா?

சொந்தம்தான், ஒன்றுவிட்ட உறவு. அதன் பழைய வடிவமும் ‘ஸ்கெய்த்’தான், மரத்திலிருந்து பிளந்தெடுத்த சிம்பு என்பது அடிப்படைப் பொருள். முதல் கரண்டிகள் மரச்சிம்புதானே. ஆங்கிலத்து ‘ஸ்பூன்’ வேறு வேர், ஆனால் அதற்கும் பழைய பொருள் மரச்சிம்புதான்.

இன்னும் பின்னாடி போனா? சமஸ்கிருதத்தோட தொடர்பு உண்டாமே?

உண்டு. வெட்டு, பிள, பிரி என்ற பொருளில் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றுக்கும் மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ‘ஸ்கெய்’ என்ற அடி இருந்தது. பின்னொட்டு சேர்ந்து அது பல மொழிகளில் கிளைத்தது. கிரேக்கத்தில் ‘ஸ்கிஸோ’, பிளக்கிறேன்; ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்ற நோய்ப்பெயரின் முன்பாதி. லத்தீனில் ‘ஸ்கிந்தித்’, பிளக்கிறான். சமஸ்கிருதத்தில் வேர் ‘சித்’, வினைமுற்று ‘சினத்தி’, வெட்டுகிறான். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் வேரின் நடுவே ஒரு ‘ன’கரம் புகுந்திருப்பதைக் கவனியுங்கள். இப்படி இலக்கண உறுப்பே ஒத்துப்போனால் அது தற்செயல் இல்லை.

அந்தச் சமஸ்கிருத வேர் தமிழுக்கும் வந்திருக்கிறது: சேதம், சிரச்சேதம், சின்னாபின்னம். கடைசிச் சொல்லில் சின்ன என்பது வெட்டுண்டது, பின்ன என்பது உடைந்தது. ஆனால் நம்முடைய ‘சின்னப் பையன்’ இதில் சேரமாட்டான், அது ‘சிறு’வின் வழி வந்த தமிழ்ச்சொல். அடையாளம் என்ற பொருளுள்ள ‘சின்னம்’ வேறொரு சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது.

அப்ப சேதமும் ஸ்கீயும் நேர் சகோதரங்களா?

பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று சொன்னால் துல்லியம். ‘ஸ்கெய்’ அடியில் இரண்டு விதமான பின்னொட்டு ஏறியது. ஒன்று ‘பந்து’வில் வரும் மெல்லிய த், இன்னொன்று ‘பத்து’வில் வரும் வல்லிய த். சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கச் சொற்கள் மெல்லிய த் வழி. ஸ்கீ வல்லிய த் வழி.

எப்படித் தெரியும்? ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய ஒலிமாற்றம் இருக்கிறது. மூலமொழியின் மெல்லிய த் ஜெர்மானிய மொழிகளில் ‘ட்’ ஆகும்: சமஸ்கிருத ‘தச’, ஆங்கில ‘டென்’. அதனால் மெல்லிய த் வழியாக வந்திருந்தால் நோர்ஸில் கடைசியில் ட் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் சொல்லும் உண்டு. நார்வேஜியத்தில் அழுக்குக்கும், ஆங்கிலத்தில் மலத்துக்கும் வழங்கும் வசைச்சொல்தான் அது. உடலிலிருந்து பிரிந்தது என்ற பொருளில். சேதத்துக்கு நேர் சகோதரம் அதுதான், மன்னிக்கவும்.

ஸ்கீத்தின் மென்மையான கடைசி ஒலி வல்லிய த்-இலிருந்து வந்தது. டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர் 1870களில் கண்டுபிடித்த விதி இதற்கு விளக்கம்: அழுத்தம் அந்த மெய்க்கு முந்திய அசையில் இல்லாவிட்டால், அந்த ஒலி மென்மையாகும். சமஸ்கிருதத்தில் ‘பிதா’வுக்கு அழுத்தம் கடைசியில், ‘ப்ராதா’வுக்கு முதலில், பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் தந்தைக்கான சொல்லில் மெல்லொலியும் சகோதரனுக்கான சொல்லில் வல்லொலியும் நிற்பது அதனால்தான். ஸ்கீ, தந்தையின் கட்சி.

‘சறுக்கு’ங்கிற தமிழ்ச் சொல்தான் தேய்ஞ்சு ஸ்கீ ஆச்சுன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே?

வந்திருக்கும். இரண்டாவது பதிலைப் பாருங்கள்: ஸ்கீக்குச் சறுக்குதல் என்ற பொருளே ஆதியில் இல்லை. இன்றைய பொருளை வைத்துப் போட்ட முடிச்சு, பழைய பொருள் தெரிந்ததும் அவிழ்ந்துவிடுகிறது. ஒலியும் உதவாது. சறுக்கில் இருக்கும் றகரம் ஸ்கீயின் எந்தக் காலத்து வடிவத்திலும் இல்லை. ஸ்கீத்தில் இருந்த த் சறுக்கில் இல்லை. மிஞ்சுவது ஒரு ச, ஒரு க. இரண்டு மெய்யை வைத்துக்கொண்டு எந்த மொழியையும் எந்த மொழியோடும் சம்பந்தம் பேசலாம்.

ஸ்கில், ஸ்கேட், சிசர்ஸ் எல்லாம் இதே குடும்பம்தானா?

மூன்றும் இல்லை. ஸ்கில் நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான், பிரித்தறிதல் என்ற பொருளும் உண்டு, ஆனால் வேர் வேறு. ஸ்கேட் டச்சு வழியாக வந்தது. பொய்க்கால் கட்டையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் அதன் மூலம். சிசர்ஸ்தான் ஏமாற்றுக்காரன்: வெட்டுதலைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் வேரிலிருந்து வந்துவிட்டு, எழுத்துக்கூட்டலில் மட்டும் ‘ஸ்கிந்தித்’ குடும்பத்து வேஷம் போட்டுக்கொண்டது.

நார்வேக்காரங்க ‘ஸ்கீ பண்றேன்’னு எப்படிச் சொல்வாங்க?

‘கோ போ ஷீ’, ஸ்கீமேல் நடப்பது. ‘ஸ்தோ போ ஷீ’ என்றால் ஸ்கீமேல் நிற்பது. மலைச்சரிவில் இறங்கும்போது பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். ஆங்கிலம் போலப் பெயர்ச்சொல்லையே வினையாக்குவது அங்கே வழக்கம் இல்லை. கட்டைமேல் ஏறி நடக்கிறேன் என்கிற பழைய படம் அந்தத் தொடருக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.

தமிழ்ல எப்படி எழுதறது நல்லது?

விளையாட்டுக்குப் பனிச்சறுக்கு நன்றாகவே பொருந்துகிறது. பலகைக்கு ஸ்கீ என்றே எழுதலாம், படிப்பவருக்குக் குழப்பம் வராது. நார்வே ஊர், ஆள், போட்டிப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதும் கட்டுரையில் மட்டும் ஷீ. அப்போது முதல் இடத்திலேயே ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள். பழைய நோர்ஸ் எழுத்துகளை மொழிபெயர்க்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஸ்கீத் என்று கண்டவுடன் பனிச்சறுக்குப் பலகை என்று போட்டுவிடக் கூடாது. வேலியோ அடுப்போ பக்கத்தில் இருந்தால் அது பிளாச்சு அல்லது விறகு.